பதிமூன்று லிட்டர்

அத்தியாயம் 6

கை குலுக்கி முடித்ததும் ஸ்பேனர் செய்த முதல் காரியம், உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டது. எஞ்சின் கம்பெனியின் தர அதிகாரி அவர்; கை சொதசொதவென்று ஈரமாக இருந்தது. மேஜை மேல் கிருமிநாசினிப் பாட்டில் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை அழுத்திக் கையில் பூசுவதும், கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பதும், மறுபடி பூசுவதுமாக இருந்தார் மனிதர். அறை முழுக்க எலுமிச்சை வாசனை ஸ்பிரே வேறு. பன்னிரண்டு வருடம் கார் பட்டறையில் புரண்டவன் ஸ்பேனர், பெயரும் அங்கே வந்ததுதான். கிரீஸும் கரியும் அவனுக்கு அழுக்கே இல்லை. இந்த ஈரக் கைதான் அவனுக்கு அழுக்காகத் தெரிந்தது.

"என் தம்பி, மேடம். ஒரே தம்பி. தோள்ல தூக்கி வளத்தவன் நான்," என்றார் தர அதிகாரி. "நேத்துதான் கைதுன்னு எழுதினாங்க, இன்னிக்கு நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அதுக்குள்ள நீங்க உண்மையான திருடனைப் பிடிக்கலைன்னா உள்ள தள்ளிருவாங்க. ஒரு உயிர் போயிருக்கு. லேசுல வெளிய விட மாட்டாங்க. அவன் பொண்டாட்டி வீட்ல தலையில அடிச்சுக்கிட்டு அழறா. அவ சொல்லித்தான் உங்களக் கூப்பிட்டேன்."

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார். இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்திவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர்; ஸ்பேனர் அவருக்கு உதவியாள். யார் அழுதாலும் பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரியே உட்கார்ந்திருப்பார்.

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

தர அதிகாரி சொன்னார். வெள்ள மீட்புப் படகுகளுக்காக அவர்கள் கம்பெனி ஒரு ரோட்டரி எஞ்சின் தயாரித்திருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் ஆற்றில் சோதனை ஓட்டம். ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடினால் கம்பெனிக்கு ஆர்டர். படகில் அறுபது லிட்டர் டேங்க். காலை ஏழு மணிக்குக் கிளம்பிய படகு மதியம் ஒரு மணி வரை ஓடியிருக்க வேண்டும். உச்சிப் பொழுதுக்கு முன்பே பெட்ரோல் தீர்ந்து நடு ஆற்றில் நின்றுவிட்டது. தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பணையில் மோதியதில் படகு சிதறியது. படகோட்டி இறந்துபோனார். டேங்க்கில் பெட்ரோல் ஊற்றியவன் இவருடைய தம்பி, எஞ்சின்களை ஓட்டிச் சோதிக்கும் ஃபிட்டர்.

"எங்க ரோட்டரி மணிக்குப் பத்து லிட்டர்தான் குடிக்கும். அதே வேலையைச் செய்யற பிஸ்டன் எஞ்சின் பதிமூணு குடிக்கும். ரெண்டையும் நூறு நூறு மணி நேரம் ஓட்டிப் பாத்து எழுதின நோட்டு இருக்கு. அதுவும் தம்பி கையெழுத்துலயே இருக்கு. அதனால போலீஸ் என்ன சொல்றாங்கன்னா, ஃபுல் டேங்க்னா ஆறு மணி நேரம் ஓடியிருக்கணும், ஓடல, அப்ப கால்வாசிய எடுத்து வித்துட்டான்னு."

"ரோட்டரி கம்மியா குடிக்குதா?" ஸ்பேனர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ரோட்டரி எல்லாம் மொடாக்குடியாச்சே சார்!"

"அதெல்லாம் பழைய கதை தம்பி. இது எங்க டிசைன்." தர அதிகாரி அவனைப் பார்த்த பார்வையில் ஒரு இளப்பம் இருந்தது. "டிராக்டர் எஞ்சின் கம்பெனில இருபத்திரண்டு வருஷம் இருந்துட்டு வந்தவன் நான். எஞ்சின் சத்தத்த வச்சே வியாதி சொல்லுவேன்."

"உங்க தம்பி போலீஸ்ல என்ன சொன்னார்?" என்றார் டீச்சர்.

"ஃபுல்லா ஊத்தினேன்னு மட்டும் சொல்றான். அதுக்கு மேல வாயத் திறக்கல. அவன் சொல்றது சத்தியம் மேடம். அவன் ஊத்தியிருப்பான், எடுத்தது வேற ஆளு. படகுத்துறைல ஒரு காவலாளி இருக்கான். எந்நேரமும் அங்கயே கிடக்கறவன். அவனப் பிடிச்சு நாலு கேள்வி கேளுங்க, கக்கிருவான்."

"அந்த நோட்டை நாங்க பாக்கலாமா?"

"தாராளமா. போலீஸ் நகல்தான் எடுத்துட்டுப் போனாங்க. ஒரிஜினல் சோதனைக் கொட்டகையிலயே இருக்கு. சாவி தரேன்." சாவியைத் தருமுன் இன்னொரு முறை பாட்டிலை அழுத்திக்கொண்டார்.

வெளியே வந்தால் வாசலில் பெரிய பேனர். சோதனை வெற்றிக்காக முன்கூட்டியே அச்சடித்த பேனராக இருக்க வேண்டும். நடுவில் பளபளவென்று ரோட்டரி எஞ்சின், கீழே 'எடை பாதி, செலவு பாதி' என்ற வாசகம். மூலையில் படகோட்டியின் சின்ன போட்டோவை ஒட்டி, 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு துண்டுக் காகிதத்தையும் ஒட்டியிருந்தார்கள்.

"புதுசா ஒரு பேனர் அடிக்கக்கூட இவனுங்களுக்கு மனசு வரல பாருங்க டீச்சர்," என்றான் ஸ்பேனர். "செத்தவருக்கு வாயிருந்தா அவரையே விளம்பரத்துக்குப் பேச வச்சிருப்பானுங்க."

"வண்டிய எடு," என்றார் டீச்சர். அவருடைய மூக்கு நுனி சுருங்கியிருந்தது. அவருக்கு அருவருப்பு வந்தால் அங்கேதான் தெரியும்.

படகுத்துறைக் காவலாளிக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, கழுத்தில் விசில். தகர நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றையே வெறித்துக்கொண்டிருந்தார். விசாரிக்க வந்தவர்கள் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார்.

"நான்தான் பெட்ரோல எடுத்தேன்னு அந்த ஆபீசர் சொல்லிட்டுத் திரியறாராமே," என்றார். "எப்படிங்க எடுப்பேன்? ஃபிட்டர் தம்பி காலைல ஆறரைக்கு என் கண்ணு முன்னாடிதான் ஊத்துச்சு. வழிய வழிய ஊத்திட்டு, படகப் பிடிச்சு ஆட்டி, உள்ள இருக்கற காத்து போனதும் மறுபடி ஊத்துச்சு. மூடியப் பூட்டிச் சாவிய படகோட்டிகிட்ட குடுத்துச்சு. ஏழு மணிக்கு டாண்ணு கிளம்பிட்டாங்க."

"நடுவுல படகு கரைக்கு வந்ததா?" டீச்சர் கேட்டார்.

"எங்க வரும்? அதோ அந்த ரெண்டு மிதவைக்கு நடுவுல சுத்திக்கிட்டே இருந்துச்சு. என் கண்ணுலேர்ந்து மறையவே இல்ல. சத்தம் நின்னதும் விசில ஊதினேன். நேரத்த எழுதணும்னு உத்தரவு, எழுதினேன். பதினொண்ணு முப்பத்தஞ்சு." அவர் விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார். "அந்த மனுசன் துடுப்ப எடுத்து எவ்வளவோ பாத்தாரு. கைய ஆட்டி என்னக் கூப்பிட்டாரு. என்கிட்ட என்ன இருக்கு? விசில்தான் இருக்கு. ஊதிக்கிட்டே கரையோரமா ஓடினேன்."

டீச்சர் அந்த நேரக் குறிப்பைப் பார்த்தார். நடுங்காத எழுத்தில் பதினொன்று முப்பத்தைந்து என்று இருந்தது. அதற்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை. அதைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் ஸ்பேனர் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஊத்தினது நிஜம். திருடலைங்கறதும் நிஜம். அப்ப அறுபது லிட்டரையும் குடிச்சது எஞ்சின்தான் டீச்சர். வேற வாயே அங்க இல்ல."

"ரோட்டரின்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. பட்டறை பாஷை வேண்டாம்."

"பிஸ்டன் எஞ்சின்ல ஒரு கட்டை குழாய்க்குள்ள மேலயும் கீழயும் ஓடுது. ஒவ்வொரு தடவையும் நின்னு திரும்பணும். ரோட்டரில நிக்கற பேச்சே இல்ல. வயிறு வீங்கின முக்கோணம் ஒண்ணு, நீளவட்டமான அறைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். மூணு பக்கமும் மாறி மாறி வேலை நடக்கும். வால்வு கிடையாது, உதறல் கிடையாது, சைஸும் சின்னது. ஓடும்போது மேல டம்ளர்ல தண்ணி வச்சாக்கூட அலுங்காது. பாத்தா ஆசையா இருக்கும்."

"அப்ப அதுதானே உசத்தி?"

"அங்கதான் வில்லங்கம். பிஸ்டன்ல நெருப்பு எரியற இடம் சின்னதா, கச்சிதமா இருக்கும். சூடு வீணாகாது. ரோட்டரில அந்த இடம் நீளமா, தட்டையா இருக்கும், எரியும்போதே நகந்துக்கிட்டும் இருக்கும். சூடு நிறைய சுவத்துக்குப் போயிரும். பெட்ரோல் முழுசா எரியறதுக்குள்ள வெளிய தள்ளிரும். முக்கோணத்தோட மூணு முனையிலயும் அடைப்பு மாதிரி சீல் இருக்கு, அது வழியாவும் கசியும். அதனால ஒரே வேலைக்கு ரோட்டரி ஜாஸ்தி குடிக்கும். எங்க பட்டறைக்கு ஒரு பணக்காரர் ரோட்டரி கார் கொண்டு வந்தாரு. மூணு மாசம் என் உயிர வாங்குச்சு. காருக்கு ஊத்தின பெட்ரோல்ல நான் குளிச்சிருக்கலாம்."

"ஆனா நோட்டு பத்து லிட்டர்னு சொல்லுது."

"அதான் டீச்சர் எனக்குத் தொண்டையில நிக்குது. புது டிசைன், ஏதாவது மாயம் பண்ணியிருப்பாங்கன்னு பாத்தா, அந்த ஈரக் கையப் பாத்தா மாயம் பண்ற கையா தெரியல."

சோதனைக் கொட்டகை தொழிற்சாலையின் பின்புறம் தனியாக இருந்தது. கதவைத் திறந்ததும் எரிந்த எண்ணெய் வாசனை. ஸ்பேனர் மூச்சை இழுத்து விட்டான். காலையிலிருந்து இப்போதுதான் அவனுக்கு நல்ல காற்று கிடைத்தது போலிருந்தது.

நடுவில் இரும்பு மேடை ஒன்று காலியாகக் கிடந்தது. எஞ்சினை அதில் ஏற்றி, பெல்ட் பூட்டி, ஒரே பளுவைக் கொடுத்து ஓட்டுவார்களாம். முதலில் ஒன்று, அது நூறு மணி நேரம் ஓடி முடித்ததும் அடுத்தது. சுவரெல்லாம் கரி. ஆனால் ஸ்பேனர்களும் சுத்தியல்களும் அளவுப்படி வரிசையாக மாட்டியிருந்தன. ஃபிட்டர் தொழிலை மதிக்கிறவன் என்று ஸ்பேனர் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

டீச்சர் நோட்டை விரித்து உட்கார்ந்தார். ஸ்பேனர் பின்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தான்.

"டீச்சர், உங்க ஃபிட்டர் விவசாயமும் பண்ணியிருக்கான். இங்க வாங்க!"

கொட்டகையின் பின்சுவர் ஓரமாகத் தக்காளிச் செடிகள். ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் டப்பாக்களின் தலையை வெட்டி, மண் நிரப்பி நட்டிருந்தான். எல்லாம் ஒரே ரகம், புதுசு. மொத்தம் பத்து டப்பா. ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய எண்: 10, 20, 30 என்று போய்க் கடைசி டப்பாவில் 100.

"பத்து மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊத்தியிருக்கான்," என்றான் ஸ்பேனர். "மனுசன் டப்பாவுல கூடக் கணக்கு எழுதியிருக்கான் பாருங்க. நோட்டுல ஆயில் கட்டம் இருக்கா?"

இருந்தது. நோட்டில் இரண்டு பாகம். ஃபிட்டர் தன் கையெழுத்தில் 'எஞ்சின் 1', 'எஞ்சின் 2' என்று மட்டும் எழுதியிருந்தான். எஞ்சின் 1 மணிக்குப் பதிமூன்று லிட்டர் பெட்ரோல் குடித்திருந்தது, பத்து மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் ஆயிலும் குடித்திருந்தது. எஞ்சின் 2 மணிக்குப் பத்து லிட்டர் பெட்ரோல். ஆயில் கட்டத்தில் நூறு மணி நேரமும் வரிசையாகப் பூஜ்யம்.

"எது ஒண்ணு, எது ரெண்டு?" என்று கேட்டான் ஸ்பேனர்.

டீச்சர் நோட்டின் உள்ளட்டையைக் காட்டினார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. டைப் அடித்த எழுத்து: 'எஞ்சின் 1 - பிஸ்டன். எஞ்சின் 2 - ரோட்டரி.' கீழே தரப் பிரிவின் ஊதா நிற முத்திரை.

ஸ்பேனர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். பிறகு சிரித்தான். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"டீச்சர், ரோட்டரில முக்கோணத்தோட முனை சுவத்த உரசிக்கிட்டே சுத்துது. அது காஞ்சா தேஞ்சு போயிரும். அதுக்காக அந்த எஞ்சின் பொட்டுப் பொட்டா ஆயில உள்ள விட்டு, பெட்ரோலோட சேத்து எரிக்கணும். கட்டியிருக்கற விதமே அப்படி. ஆயில் குடிக்காத ரோட்டரின்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. பத்து மணி நேரம் ஓடியும் டிப் ஸ்டிக்குல ஆயில் அளவு இறங்கலைன்னா நான் எஞ்சின நிறுத்திட்டு ஓடிருவேன்."

"பிஸ்டன்?"

"புது பிஸ்டன் எஞ்சின் ஆயில் குடிக்கவே கூடாது. குடிச்சா அதுக்கு வியாதி. பத்து மணிக்கு ஒரு லிட்டர் குடிச்சா கொட்டகையே புகைல காணாமப் போயிருக்கும்." அவன் விரலால் தாளைத் தட்டினான். "நோட்டுல ஒரு எண்ணு கூடப் பொய் இல்ல. பேரத்தான் மாத்திப்புட்டான். பதிமூணு லிட்டரும் பத்து டப்பா ஆயிலும் குடிச்சது ரோட்டரி."

"மாத்தினவனுக்கு இது தெரியலையா?"

"தெரிஞ்சிருந்தா ஆயில் கட்டத்தையும் திருத்தியிருப்பான். பிஸ்டன் எஞ்சின்லயே காலத்த ஓட்டினவனா இருக்கணும். அவன் கண்ணுக்கு ஆயில் பூஜ்யம்னா பெருமை. நம்ம ரோட்டரி எவ்வளவு சுத்தம் பாருன்னு பூரிச்சுப் போயிருப்பான்."

டீச்சர் மனக்கணக்குப் போட்டார். அதற்கு அவருக்கு இரண்டு நொடி போதும்.

"அறுபதைப் பதிமூணால வகுத்தா நாலரை மணி நேரத்துக்கு மேல ஏழு நிமிஷம். ஏழு மணிக்குக் கிளம்பினா பதினொண்ணு முப்பத்தேழு." நிமிர்ந்தார். "காவலாளி எழுதினது முப்பத்தஞ்சு."

ஸ்பேனர் மறுபடி நோட்டைப் பார்த்தான். அந்தப் படகோட்டி கிளம்பும்போதே எத்தனை மணிக்குச் சாவான் என்பது இந்த நோட்டில் நிமிடக் கணக்காக இருந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவன் தாளை ஒட்டியிருக்கிறான்.

"கம்பெனி முதலாளிதான்!" என்றான். "ஆர்டருக்காகப் பண்ணியிருப்பான். போய் அந்தாள் சட்டையப் பிடிப்போம்."

"பொறு. இந்தத் தாளைப் பாரு. மத்தப் பக்கம் எல்லாம் கரி விரல் அடையாளம். இது மட்டும் வெள்ளையா இருக்கு. இந்தக் கொட்டகையில ஆரம்பத்துலேர்ந்து கிடந்த தாள் இல்ல இது. அப்புறம் முத்திரை. ஒரு ஓரம் கரைஞ்சிருக்கு, ஈரக் கட்டைவிரல் பட்டு."

ஸ்பேனர் முத்திரையைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். காலையில் எவ்வளவு துடைத்தும் போகாத அந்தச் சொதசொதப்பு மறுபடி அங்கே இருப்பது போலிருந்தது.

"ஐயோ டீச்சர். அந்தாள் கூடப் பிறந்த அண்ணன்."

"அதனாலதான் கணக்கு சரியா வருது," என்றார் டீச்சர். "ஃபிட்டர் ஏன் வாயத் திறக்கலைன்னு யோசி. எது ரோட்டரின்னு அவனுக்குத் தெரியாதா? 'அது பதிமூணு குடிக்கும்'னு ஒரே வார்த்தை சொன்னா வெளிய வந்துரலாம். சொல்லாம ஜெயிலுக்குப் போகத் தயாரா இருக்கான். முதலாளிக்காக எவனாவது அப்படிப் போவானா?"

ஸ்பேனர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டான். கொட்டகையைப் பூட்டும்போது பூட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

அவர்கள் திரும்பிவந்து ஆபீஸ் அறைக்குள் நுழைந்தபோது தர அதிகாரி கை கழுவிக்கொண்டிருந்தார். "காவலாளி ஒத்துக்கிட்டானா?" என்று ஆவலோடு கேட்டார்.

டீச்சர் நோட்டை விரித்து மேஜை மேல் வைத்தார். ஆயில் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ஸ்பேனர் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். இருபத்திரண்டு வருட அனுபவம் நோட்டைக் குனிந்து பார்த்தது. முகத்தில் முதலில் தெரிந்தது பயமில்லை, எரிச்சல். ஒரு பட்டறைக்காரனிடம் தப்பு மாட்டிவிட்டதே என்ற எரிச்சல்.

"முதலாளிகிட்ட பத்து லிட்டர்னு எப்ப சொன்னீங்க?" டீச்சர் கேட்டார்.

தர அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சோதனை முடியறதுக்கு முன்னாடியே மீட்டிங்ல சொல்லிட்டேன். வாங்க வந்தவங்க கேட்டாங்க, ஒரு மதிப்புல சொன்னேன். முதலாளி எல்லார் முன்னாடியும் கை தட்டினாரு. அடுத்த மாசம் தொழிற்சாலைப் பொறுப்பே எனக்குன்னாரு. அப்புறம் தம்பி வந்து பதிமூணுன்னு நிக்கறான். சொன்ன வாய் சொன்னதுதானே மேடம்? ஆர்டர் கையில வந்ததும் சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

"டேங்க்க மட்டுமாவது பெருசா வச்சிருக்கலாமே சார்," என்றான் ஸ்பேனர். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"வச்சா ஏன்னு கேப்பாங்க. ஆறு மணி நேரமும் முழு வேகத்துல ஓட்டுவான்னு யார் கண்டா? நடுவுல ரெண்டு தடவை வேகத்தக் குறைச்சிருந்தா தாக்குப் பிடிச்சிருக்கும்." படகோட்டி மேல் அவருக்கு வருத்தம் இருந்தது, மெதுவாக ஓட்டவில்லை என்று. "அதான் தம்பிய வெளிய எடுக்கணும்னு உங்களக் கூப்பிட்டேன். அவன் மேல எனக்குப் பாசம் இல்லையா?"

"காவலாளி?"

"அவனுக்கு யாரு இருக்கா, வந்து கேக்கறதுக்கு?" என்றார் தர அதிகாரி. ஒரு கஷ்டமான கணக்குக்குச் சுலபமான விடை கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்.

ஸ்பேனர் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அங்கே நின்றால் அந்தப் பேனர்தான் தெரிந்தது. இவரை அடிக்கக் கூட வேண்டாம், அடித்தால் மறுபடி கையைத் துடைக்க வேண்டும் என்று நினைத்தான்.

தர அதிகாரி பாட்டிலை அழுத்தினார். இப்போது அவர் குரல் தெளிந்திருந்தது. "ஒரு விஷயம் மேடம். அந்தத் தாள்ல என் விரல் பட்டிருக்கலாம். என் பிரிவு நோட்டு, படத்தானே செய்யும்? ரோட்டரி ஆத்துக்கடியில கிடக்கு. பிஸ்டனைத் திருப்பி அனுப்பியாச்சு. எது ஒண்ணு, எது ரெண்டுன்னு சொல்ல வேண்டிய ஒரே ஆளு என் தம்பி. அவன்கிட்ட கேட்டுப் பாருங்களேன். நான் கிழிச்ச கோட்ட அவன் இன்னிக்கு வரைக்கும் தாண்டினதில்ல."

காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்றேகால். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். நோட்டைப் பார்த்தார், நேரக் குறிப்பைப் பார்த்தார். "நீங்க சொல்றது பொருந்துது டீச்சர். ஆனா ஆயில வச்சு மட்டும் நான் கோர்ட்ல பேச முடியாது. ஓட்டினவன் வாயால வரணும். வந்தா அவனைக் கொண்டு போக மாட்டேன். வரலைன்னா அரை மணில வேன் கிளம்பிரும்."

ஃபிட்டர் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. நகக்கண்ணில் இன்னும் கரி. டீச்சர் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மாறவில்லை.

"நான்தான் மாத்தினேன்," என்றான். "அந்தத் தாள நான்தான் ஒட்டினேன். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

"ஏம்ப்பா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" ஸ்பேனர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "டப்பாவுல ஆணியால கீறி எழுதி வச்சவன் நீ. பொய் எழுதற கையா அது? ஒரு மனுசன் செத்துருக்கான்யா. அந்தாளு கையக் கழுவிட்டு உக்காந்திருக்கான்!"

"எங்கப்பா போனப்ப எனக்கு ஏழு வயசு. எனக்குச் சோறு போட்டது அவன்," என்றான் ஃபிட்டர். "நான் பதிமூணுன்னதும் அவன் முகத்தப் பாத்தேன். மறுநாள் அந்தத் தாளப் பாத்தேன். அப்பவே நான் பேசியிருக்கணும். பேசல. அப்ப தப்பு என்னுதுதான். விடுங்க."

டீச்சர் அவனோடு வாதம் செய்யவில்லை. இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார்.

"இவர் மேல புகார் குடுத்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "ரகசியமா வைக்கணும்னு கேட்டுக்கிட்டாரு. ஆனா குற்றம் சாட்டப்பட்டவன் பாக்கலாம், தப்பில்ல."

டீச்சர் அதை வாங்கிப் படித்தார். மூக்கு நுனி சுருங்கியது. அப்படியே கம்பிக்குள் நீட்டினார்.

ஸ்பேனர் கம்பி வழியாக எட்டிப் படித்தான். அழகான, சாய்வான கையெழுத்து. 'எனது தம்பிக்குச் சிறு வயது முதலே பெட்ரோல் திருடி விற்கும் வழக்கம் உண்டு. பலமுறை கண்டித்தும் திருந்தவில்லை. மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு இதைத் தெரிவிக்கிறேன்.' கீழே தர அதிகாரியின் கையெழுத்து. தேதி, சோதனை நடந்த அதே நாள். நேரம், பன்னிரண்டு நாற்பது. படகு உடைந்து ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. உடலைக் கூட அப்போது எடுத்திருக்க மாட்டார்கள்.

ஃபிட்டர் ஒரு முறை படித்தான். மறுபடி மேலிருந்து படித்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவன் மாதிரி உதடு அசைந்தது. தாளைத் தரையில் வைத்துவிட்டு, கையைத் தன் சட்டையில் நன்றாகத் துடைத்தான்.

"பன்னெண்டு நாப்பதா?" என்றான். "அன்னிக்கு ரெண்டு மணிக்கு எனக்கு இங்க சாப்பாடு எடுத்துட்டு வந்தான். முதலாளி புகார் குடுத்துட்டாருடான்னு சொல்லி அழுதான். எனக்கு இறங்கல. அவன்தான் பிசைஞ்சு ஊட்டி விட்டான், நாலு வாய்."

வெளியே வேன் டிரைவர் எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஃபிட்டர் எழுந்து மூலையிலிருந்த வாளியில் வாய் கொப்பளித்துத் துப்பினான். இன்னொரு முறை கொப்பளித்தான். பிறகு கம்பியருகே வந்து நின்று இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"எழுதிக்குங்க சார்," என்றான். "ஒண்ணு ரோட்டரி. ரெண்டு பிஸ்டன். ரோட்டரி மணிக்குப் பதிமூணு லிட்டர். எங்க அண்ணன்கிட்ட நான் போன மாசமே சொல்லிட்டேன்."